தேனீயைச் சாகடிக்காமல் தேன் எடுக்க வழி திறந்தவர்: லொரென்சோ லாங்ஸ்ட்ராத்

போன கோடையில் பேரணாம்பட்டு பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குப் போயிருந்தேன். தோப்புக்காரர் காய்ப்பிடிப்புக்காக நான்கு தேனீப் பெட்டி வைத்திருந்தார். முதல் முறையாகத் தேன் எடுக்க மேல் அறையைத் திறந்திருக்கிறார். ஈ விலகவில்லை. ஊதிப் பார்த்தார், துண்டால் விசிறிப் பார்த்தார். கடைசியில் தென்னை ஓலையைக் கொளுத்திப் பந்தம் பிடித்துவிட்டார். மலையில் பெரிய தேன் எடுப்பவர்கள் அப்படித்தானே செய்கிறார்கள் என்பது அவர் கணக்கு. இரண்டு கிலோ போலத் தேன் கிடைத்தது, அதிலும் கரி வாசம். இறக்கை கருகிய ஈக்கள் அடியில் குவியலாகக் கிடந்தன. மிச்சம் இருந்த கூட்டம் மறுநாள் பெட்டியைக் காலி செய்துவிட்டு எங்கோ பறந்துவிட்டது.

தேன் அறையிலிருந்து ஈயை எப்படி விலக்குவது? வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து விவசாயிகள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். விடை சின்னதுதான். ஆனால் அந்த விடை பிறப்பதற்கு ஒரு மனிதரின் பாதி வாழ்க்கை செலவாகியிருக்கிறது. அவர் பெயர் லொரென்சோ லொரெய்ன் லாங்ஸ்ட்ராத். இன்று உலகத்தில் எந்த நாட்டில் சட்டம் வைத்த தேனீப் பெட்டியைத் திறந்தாலும், உள்ளே இருப்பது அவர் கண்டுபிடித்த கணக்கு. அவர் கதையோடு சேர்த்தே நம் வேலையையும் சொல்லிவிடுகிறேன்.

லாங்ஸ்ட்ராத் 1810 டிசம்பர் 25 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பிறந்தார். சிறு வயதில் எறும்புகளைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் மண்டியிட்டுக் கிடப்பாராம். கால்சட்டை முழங்காலில் கிழிந்துபோகும், வீட்டில் திட்டு விழும். பூச்சி பார்ப்பது உருப்படாத வேலை என்று பெரியவர்கள் நினைத்த காலம். (நம் ஊரில் இன்றைக்கும் அப்படித்தான், பூச்சியியல் படிக்கப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.) யேல் கல்லூரியில் 1831-ல் பட்டம் பெற்றார். அங்கேயே சில காலம் கணிதம் கற்றுக்கொடுத்துவிட்டு, 1836-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் ஆண்டோவரில் ஒரு தேவாலயத்துக்குப் போதகராகப் போனார். அன்னா என்ற ஆசிரியையை அதே ஆண்டு மணந்தார்.

1838-ல் ஒரு நண்பர் வீட்டுக்குப் போனபோது மேசைமேல் ஒரு கண்ணாடிக் குடுவையில் தேனடை இருந்தது. அதன் அழகு அவரைப் பிடித்துக்கொண்டது. நண்பர் மாடிக்குக் கூட்டிப்போய்த் தேனீக்களைக் காட்டினார். அன்றைக்கு வீடு திரும்பும் முன்பே இரண்டு தேனீக் குடும்பங்களை விலைக்கு வாங்கிவிட்டார். சிறுவயதில் எறும்பைப் பார்த்த அந்தக் கண் மறுபடி திறந்துகொண்டது.

தேனீ அவருக்கு ஆசையாக மட்டும் இருக்கவில்லை. அவருக்கு ஒரு தீராத மன நோய் இருந்தது. இன்று மனச்சோர்வு என்று மருத்துவர்கள் சொல்வது. சில மாதம் நன்றாக இருப்பார். பிறகு மாதக் கணக்கில் எதிலும் ஈடுபட முடியாமல் முடங்கிப்போவார். அந்த நாட்களில் தேனீயைப் பார்ப்பதே அவருக்குப் பிடிக்காமல் போய்விடும். இதனாலேயே போதகர் வேலையை விட வேண்டி வந்தது. பெண்கள் பள்ளி நடத்தினார், மறுபடி போதகரானார், மறுபடி விட்டார். உடம்பும் மனமும் தேற வேண்டுமானால் வெளிக்காற்றில் செய்யும் வேலை வேண்டும் என்பதால்தான் தேனீ வளர்ப்பில் முழுதாக இறங்கினார். 1848-ல் பிலடெல்பியாவுக்குத் திரும்பி, பள்ளி ஒன்றை நடத்திக்கொண்டே பெட்டிகளை வைத்துச் சோதனை செய்தார்.

அந்தக் காலத்தில் தேன் எடுத்த விதத்தைத் தெரிந்துகொண்டால்தான் அவர் செய்தது புரியும். வைக்கோலைப் புரியாகத் திரித்துச் செய்த கூடையிலோ, மூடிய மரப் பெட்டியிலோ தேனீ வளர்த்தார்கள். அடைகள் கூரையிலும் சுவரிலும் ஒட்டியிருக்கும், பிரித்து எடுக்க வழி கிடையாது. இலையுதிர் காலம் வந்ததும் கனமான கூடையைத் தேர்ந்தெடுத்து, ஒரு குழியில் கந்தகத்தைக் கொளுத்தி, அதன்மேல் கூடையை வைத்துவிடுவார்கள். குடும்பம் முழுவதும் செத்து விழும். பிறகு அடையை அறுத்துப் பிழிவார்கள். தேனீயை விலக்குவது என்றால் அன்றைக்குக் கொல்வது என்றுதான் பொருள். பேரணாம்பட்டில் நான் பார்த்த பந்தமும் அதே வேலையைத்தான் செய்தது.

லாங்ஸ்ட்ராத்துக்கு முன்பே சிலர் வழி தேடியிருந்தார்கள். சுவிட்சர்லாந்தில் கண் பார்வையை இழந்த பிரான்சுவா ஹூபர், தன் உதவியாளரின் கண்களைக் கொண்டே தேனீயை ஆராய்ந்தவர். புத்தகத்தின் தாள் போல விரியும் ஒரு கூட்டைச் செய்திருந்தார். அது ஆராய்ச்சிக்கு ஏற்றது, விவசாயிக்கு ஏற்றதில்லை. சிலேசியாவில் சியர்ஜோன் என்ற பாதிரியார் மேல்கட்டைகளில் அடை கட்டவைத்தார். ஆனால் அடையின் ஓரம் பெட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் கத்தியால் அறுக்க வேண்டும். அறுத்தால் தேன் ஒழுகும், ஈ சீறும். லாங்ஸ்ட்ராத்தும் அப்படி மேல்கட்டை வைத்த பெட்டியோடுதான் மல்லாடிக்கொண்டிருந்தார்.

பெட்டியின் மூடியைத் தேனீக்கள் பிசினால் ஒட்டிவிடுவதால் திறக்கும்போதெல்லாம் பெட்டி அதிரும், ஈ கலையும். அதனால் மூடிக்கும் மேல்கட்டைகளுக்கும் நடுவில் சிறிது இடம் விட்டுப் பார்த்தார். 3/8 அங்குலம், அதாவது சுமார் 9.5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டபோது, தேனீக்கள் அதைப் பிசினால் அடைக்கவும் இல்லை, அதில் அடை கட்டவும் இல்லை. நடந்து போகும் பாதையாக அப்படியே விட்டுவைத்தன. மூடி சுலபமாகக் கழன்றது. ஆனால் அடையின் ஓரம் சுவரில் ஒட்டும் தொல்லை தீரவில்லை.

1851 அக்டோபர் 30 அன்று தேனீக்களைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும்போதுதான் அது தோன்றியது. மூடிக்கு அடியில் விட்ட அதே இடைவெளியைச் சுற்றிலும் விட்டால் என்ன? மேல்கட்டையோடு இரண்டு பக்கக் கட்டையும் ஒரு அடிக்கட்டையும் சேர்த்து முழுச் சட்டமாக்கி, அந்தச் சட்டம் பெட்டியின் எந்தச் சுவரையும் தொடாமல் தொங்கும்படி வைத்தால் என்ன? தெருவிலேயே கத்திவிடலாமா என்ற அளவுக்கு மகிழ்ச்சி வந்ததாகப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அன்றிரவே தன் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். இதைத்தான் இன்று தேனீ இடைவெளி என்கிறோம்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 9.5 மில்லிமீட்டர் என்பது ஐரோப்பியத் தேனீயின் உடம்புக்கு ஏற்ற அளவு. நாம் பெட்டியில் வைத்திருப்பது பெரும்பாலும் இந்தியத் தேனீ, அதாவது அடுக்குத் தேனீ. அது சிறியது, அதற்கான இடைவெளி 7 முதல் 9 மில்லிமீட்டர். அதைவிட அகலம் விட்டால் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் குறுக்கு அடை கட்டிவிடும். குறுக்கு அடை இருந்தால் சட்டத்தை உருவும்போது கிழியும், தேன் சிந்தும். ஈயை விலக்கும் வேலை அங்கேயே கெட்டுப்போகும். இந்தியத் தேனீ இத்தாலியத் தேனீ போலப் பிசின் சேர்த்து ஒட்டுவதில்லை, அது நமக்கு ஒரு சௌகரியம். ஆனால் மெழுகு அடை விஷயத்தில் அது விடாது. ஊர்த் தச்சரிடம் பெட்டி செய்யச் சொல்பவர்கள், இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டுப் பெட்டி அளவைக் கொடுத்துவிடாதீர்கள். 1911 முதல் 1917 வரை தென்னிந்தியக் கிராமங்களில் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்த நியூட்டன் பாதிரியார், நம் தேனீக்கென்றே சிறிய பெட்டியை வடிவமைத்தார். நியூட்டன் பெட்டி என்று இன்றும் நாம் வாங்குவது அதைத்தான். லாங்ஸ்ட்ராத் கண்ட தத்துவம், நம் ஊர் ஈயின் அளவு.

1852 அக்டோபர் 5 அன்று லாங்ஸ்ட்ராத்துக்குக் காப்புரிமை கிடைத்தது. அடுத்த ஆண்டே தேனீ வளர்ப்பைப் பற்றிய அவருடைய புத்தகம் வெளிவந்தது. உடல்நிலை மோசமாக இருந்த காலத்தில் அவர் எழுதியதை மனைவி அன்னாதான் தெளிவாகப் படியெடுத்துக் கொடுத்தார். திருத்திய பதிப்புகளாக அந்தப் புத்தகம் தலைமுறைகளைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறது.

அந்தப் புத்தகத்தில் அவர் அழுத்திச் சொன்ன விஷயம், வயிறு நிறையத் தேன் குடித்த தேனீ தானாக வந்து கொட்டாது என்பது. லேசான புகை பட்டதும் ஆபத்து என்று நினைத்துத் தேனீக்கள் தேனைக் குடித்துக்கொள்கின்றன, அதன் பிறகு அடங்கிவிடுகின்றன. புகை ஈயை விரட்டும் ஆயுதம் இல்லை, அமைதிப்படுத்தும் கருவி. வாசலில் இரண்டு மூன்று முறை ஊதிவிட்டு ஒன்றிரண்டு நிமிடம் காத்திருங்கள். பிறகு மூடியைத் தூக்கி மேலாக ஒரு முறை. அவ்வளவு போதும். புகை வெள்ளையாக, கையில் பட்டால் சுடாமல் இருக்க வேண்டும். அதிகம் அடித்தால் தேனில் வாசம் ஏறும். இந்தியத் தேனீ வேறு பயந்த சுபாவம், ஓயாமல் தொல்லை கொடுத்தால் கூட்டோடு ஓடிவிடும்.

துருத்தி வைத்த புகைப்பானை 1870-களில் மோசஸ் குயின்பி என்ற அமெரிக்கத் தேனீ வளர்ப்பாளர் செய்தார். அந்தத் துருத்திக்குத் தோல்தான் நல்லது. தோல் கிழிந்தால் ஆம்பூரில் மாற்றிக்கொள்ள நமக்குக் கஷ்டமே இல்லை. ஆனால் புகைப்பானுக்குள் தோலைப் போடாதீர்கள். ஷூ கம்பெனியிலிருந்து வரும் கழிவுத் துண்டு சும்மா கிடைக்கிறது, மெதுவாகப் புகைகிறது என்று சிலர் அதை அடைத்து ஊதுவதைப் பார்த்திருக்கிறேன். அது குரோம் ஏற்றிப் பதனிட்ட தோல். எரியும்போது அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவத்துக்கு மாறக்கூடும், சாம்பலிலும் நிற்கும். ஈக்கும் கேடு, ஊதுகிற உங்கள் நுரையீரலுக்கும் கேடு, தேனிலும் படியும். ரெக்சின், ரப்பர், சாயச் சாக்கு எதுவும் வேண்டாம். தென்னந்தோப்பில் நிற்கிறோம், காய்ந்த தேங்காய் நார் காலடியில் கிடக்கிறது. அதைவிட நல்ல புகை எதுவும் இல்லை.

தோல் பேச்சு வந்ததால் இன்னொன்று. தோல் கையுறை போட்டு வேலை செய்பவர்கள் அதை அடிக்கடி துவைத்துக் காய வைக்க வேண்டும். ஒரு ஈ கொட்டினால் அந்த இடத்தில் அபாய வாசனை ஒன்று ஒட்டிக்கொள்ளும், மற்ற ஈக்கள் அதே இடத்தைக் குறிவைக்கும். அந்த வாசனை வாழைப்பழ வாசனையை ஒத்தது. பெட்டி திறக்கும் முன் வாழைப்பழம் சாப்பிட வேண்டாம் என்று பயிற்சியில் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள், காரணம் இதுதான். டேனரிக் கழிவுநீர் ஓடும் வாய்க்கால் பக்கத்தில் பெட்டி வைத்திருந்தால் இடம் மாற்றுங்கள். முடியாவிட்டால் பெட்டிக்கு அருகில் தட்டில் கூழாங்கல் போட்டு நல்ல தண்ணீர் வையுங்கள். ஈ தண்ணீர் குடிக்காமல் இருக்காது, எதைக் குடிக்கிறது என்பது நம் கையில் இருக்கிறது.

லாங்ஸ்ட்ராத்தின் கண்டுபிடிப்பு நாடு முழுவதும் பரவியது, அவருக்குக் காசு வரவில்லை. ஆளாளுக்கு அந்தச் சட்டத்தைச் சிறிது மாற்றித் தங்கள் பெட்டி என்று விற்றார்கள். உரிமையைக் காக்க வழக்குகளில் பணமும் உடம்பும் கரைந்தன. அவரைக் காப்புரிமை பேராசைக்காரர் என்று ஏசியவர்களும் உண்டு. 1858-ல் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ஸ்போர்டு என்ற ஊருக்குக் குடிபோய், 10 ஏக்கர் நிலத்தில் தேனீக்காகவே மரம் நட்டு, பூச்செடி விதைத்து வாழ்ந்தார். மகன் ஜேம்ஸும் அவரும் இத்தாலிய ராணித் தேனீக்களை வரவழைத்துப் பெருக்கி விற்றார்கள். 1870-ல் மகன் இறந்தார், 1873-ல் மனைவியும் போனார். இடையிடையே அந்தப் பழைய நோய். அதன் பிறகு பெரிய அளவில் தேனீ வளர்க்க அவரால் முடியவில்லை. புத்தகத்தைத் திருத்தும் பொறுப்பையும் டடாண்ட் குடும்பத்தாரிடம் ஒப்படைத்தார், 1889-ல் அந்தப் பதிப்பு வந்தது.

அவர் போட்ட பாதையில் மற்றவர்கள் நடந்தார்கள். சட்டத்தை முழுசாக உருவ முடிந்ததால்தான், 1865-ல் ருஷ்கா என்பவர் அடையைச் சுழற்றித் தேன் எடுக்கும் கருவியைச் செய்ய முடிந்தது. அடை அழியாமல் திரும்பக் கிடைத்தது. 1890-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் போர்ட்டர் என்பவர் ஒருவழி வாசல் ஒன்றைக் கொண்டுவந்தார். பேரணாம்பட்டு தோப்புக்காரர் தேடிய பொருள் அதுதான்.

அதன் வேலை எளிமையானது. ஒரு பலகை, நடுவில் ஓட்டை. அந்த ஓட்டையில் ஈ கீழே இறங்கலாம், மேலே ஏற முடியாத மாதிரி மெல்லிய கம்பி விசை இருக்கும். மாலையில் தேன் அறையைத் தூக்கி, அதற்கும் புழு அறைக்கும் நடுவில் இந்தப் பலகையை வைத்துவிட்டால், மேலே இருக்கும் ஈக்கள் ராணியையும் புழுக்களையும் தேடி இரவோடு இரவாகக் கீழே இறங்கிவிடும். மறுநாள் காலையில் தேன் அறை ஏறக்குறையக் காலியாக இருக்கும். கருவி கிடைக்காவிட்டால் கம்பி வலையில் கூம்பு செய்து, நுனியில் ஒரு தேனீ மட்டும் வெளியேறும் அளவு ஓட்டை விட்டு, நுனி கீழ்நோக்கி இருக்கும்படி பலகையில் பொருத்தினாலும் வேலை நடக்கும்.

இதில் மூன்று இடத்தில் தவறு நடக்கிறது. தேன் அறையில் புழு இருந்தால் ஈ அதை விட்டு இறங்கவே இறங்காது, ஆகையால் முதலில் சட்டங்களைத் தூக்கிப் பாருங்கள். ராணி தடுப்புத் தகடு போட்டிருந்தால் இந்தப் பிரச்சினை வராது. இரண்டாவது, தேன் அறையில் வெடிப்போ மூடியில் சந்தோ இருந்தால் காவல் இல்லாத தேனை வெளி ஈயும் எறும்பும் காலி செய்துவிடும். களிமண்ணால் அடைத்துவிடுங்கள். மூன்றாவது நம் ஊர் வெயில். விசிற ஈ இல்லாத தேன் அறை சித்திரைப் பகலில் சூடேறினால் மெழுகு இளகி அடை சரியும். ஓர் இரவு வைத்துக் காலையில் எடுத்துவிட வேண்டும், பகல் முழுவதும் விடக் கூடாது.

இரண்டு மூன்று பெட்டி மட்டும் வைத்திருப்பவர்களுக்குப் பலகைகூடத் தேவையில்லை. காலையில் லேசாகப் புகை காட்டி, சட்டத்தை ஒவ்வொன்றாக உருவி, வாசலுக்கு முன்னால் பெட்டிக்கு மேலாகப் பிடித்து ஒரே உதறு உதறுங்கள். மெதுவாக நாலைந்து முறை ஆட்டினால்தான் ஈக்குக் கோபம் வரும். ஒட்டியிருப்பதை மென்மையான தூரிகையாலோ பசும்புல் கொத்தாலோ கீழிருந்து மேலாகத் தள்ளுங்கள். ஈ நீங்கிய சட்டத்தை உடனே மூடியுள்ள பாத்திரத்தில் வைத்து ஈரத் துணியால் மூடுங்கள். முக்கால் பங்கு மெழுகால் மூடிய அடையை மட்டும் எடுக்க வேண்டும். கீழே புழு அறையில் உள்ள தேன் ஈயின் சாப்பாடு, அதில் கை வைக்காதீர்கள். வேம்பும் புங்கமும் பூத்து முடிந்த பிறகு அதையும் எடுத்துவிட்டால், பஞ்ச காலத்தில் சர்க்கரைப் பாகு காய்ச்சி ஊற்ற வேண்டி வரும், இல்லாவிட்டால் காலிப் பெட்டிதான் மிஞ்சும்.

லாங்ஸ்ட்ராத் 1887-ல் ஒஹையோவிலேயே டேட்டன் நகரத்துக்கு மகள் குடும்பத்தோடு குடிபோனார். கடைசிவரை கையில் பெரிய பணம் இல்லை. ஆனால் தேனீ வளர்ப்பவர்கள் கூட்டங்களுக்கு வந்தால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். 1895 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை, 84 வயதில் டேட்டன் தேவாலயம் ஒன்றில் பிரசங்க மேடையில் பேச ஆரம்பித்தவர் அங்கேயே சரிந்து இறந்துபோனார்.

பேரணாம்பட்டு தோப்புக்காரர் புதிதாக இரண்டு குடும்பம் வாங்கியிருக்கிறார். கூம்பு வலைப் பலகையை அவரே செய்து வைத்திருக்கிறார், நான் பார்த்தபோது ஓட்டை கொஞ்சம் பெரிதாக இருந்தது, இறங்கிய ஈ மறுபடி ஏறிவிட்டது. வலையைக் குறுக்கிக் கட்டச் சொல்லியிருக்கிறேன். பெட்டி அளவு, ராணித் தகடு, பயிற்சி நாள் பற்றிக் கேட்க வேண்டியவர்கள் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். தேன் பிழிந்த பின் காலி அடைகளைப் பெட்டிக்குத் திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் பொழுது சாய்ந்த பிறகு வையுங்கள். பகலில் வைத்தால் தேன் வாசத்துக்குப் பக்கத்துப் பெட்டி ஈக்கள் திருட வரும்.